பனியன் கம்பெனி கபடி டீமும் பாண்டியம்மா கோச்சும்

டிவியில கபடி ஓடும்போது ரிமோட்டை என் கையில குடுக்க மாட்டாரு எங்க ஊட்டுக்காரரு. நான் உக்காந்து பாக்கற ஆளில்லை. எந்திரிச்சு நின்னுக்குவேன், "கவர்ல நிக்கறவன் என்னத்தப் பராக்குப் பாத்துட்டு நிக்கறான்"னு சத்தம் போடுவேன், பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்க. இப்ப ரப்பர் மேட் விரிச்சு ஆடறாங்க, காலுக்கு ஷூ, கலர் கலரா லைட்டு. நல்லாத்தான் இருக்குது. ஆனா கபடிங்கறதையே நேத்துதான் கண்டுபுடிச்ச மாதிரி ஆளாளுக்குப் பேசறாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கறதில்லை.

போன மாசம் நான் வேலை பாத்த கம்பெனியில இருந்து ரெண்டு புள்ளைங்க ஊட்டுக்கு வந்தாங்க. பல வருசம் ஓடி நின்னு போன பொம்பளப் புள்ளைங்க கபடி டீமை மறுபடியும் ஆரம்பிக்கறாங்களாம். "முன்னாடி இருந்த டீமுக்கு நீங்கதானுங்களே மேனேஜரு. ஒரு நாலு வரி எழுதிக் குடுங்கக்கா, போர்டுல ஒட்டறோம்"னாங்க. நாலு வரியா? நாங்க கோப்பைக்கு ஆடுன அந்த ஒரு சீசனை நாலு வரியில எழுத, நான் என்ன பனியன்ல தைக்கற வாஷ் கேர் லேபிளா எழுதறேன்? முழுசா எழுதித் தர்றேன், ஒட்டுனா ஒட்டுங்க, ஒட்டாட்டிப் போங்கன்னு சொல்லி, காப்பி குடுத்து அனுப்பிட்டேன்.

என்ற படிப்பைப் பத்திப் பெருசாச் சொல்ல ஒண்ணுமில்லீங்க. எட்டாவதோட பள்ளிக்கூடம் முடிஞ்சுது. பிசிறு வெட்டற வேலைக்கு வந்தேன், அங்கிருந்து செக்கிங் டேபிளுக்கு, டேபிள்ல இருந்து சூப்பர்வைசரு. தைச்ச பனியனை விரிச்சு, உள்ள வெளிய பாத்து, எங்க தையல் விட்டிருக்குது, எங்க ஓட்டை, எங்க எண்ணெய்க் கறைன்னு கண்டுபுடிச்சு, அந்த இடத்துல ஒரு சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டணும். அதுதான் செக்கிங். என் டேபிளைத் தாண்டிப் போன பீஸ் திரும்பி வந்ததில்லைன்னு கம்பெனியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. கேட்டுப் பாருங்க.

கபடிக்கு நான் போனதே ஒரு கூத்து. எங்க சின்ன முதலாளிக்குக் கபடின்னா உசுரு. காங்கயம் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க குடும்பம். சின்ன வயசுல கோயில் நோம்பி, திருவிழான்னு ஊர் ஊராப் போயி ஆடுனவரு. பனியன் நல்லா ஓடி, வெளிநாட்டு ஆர்டர் கொட்டுன காலம் அது, ரெண்டாயிரத்துக்குப் பொறகு. கம்பெனி பேருல ஒரு பொம்பளப் புள்ளைங்க டீம் வேணும்னு ஆரம்பிச்சாரு. பன்னெண்டு புள்ளைங்க. பாதி நாள் தையல் லைன்ல வேலை, பாதி நாள் ஆட்டம், சம்பளம் முழுசு. பக்கத்துல மண்ணரைங்கற ஊர்ல ஒரு ஊட்டை வாடகைக்கு எடுத்து எல்லாரையும் தங்க வெச்சாரு. புள்ளைங்க கூட ஊர் ஊராப் போக ஆம்பளை மேனேஜர் சரிப்படாது, பொம்பளை ஒருத்தி வேணும், வாயும் இருக்கணும்னாரு. வாய்னு சொன்னதும் எல்லாரும் என்னையக் கை காட்டிட்டாங்க. அன்னிக்கு எனக்குக் கபடியில தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஒருத்தி மூச்சு விடாம "கபடி கபடி"ன்னு பாடிட்டே எதிர்ப் பக்கம் போகணும், யாரையாவது தொட்டுட்டுத் திரும்பி நடுக்கோட்டுக்கு வந்துரணும். வரவிடாம மத்தவங்க புடிச்சு அமுக்கணும். அவ்வளவுதான் தெரியும்.

ரெண்டு வருசம் ஆடுனோம். எங்க போனாலும் அரையிறுதியில போயி விழுந்துட்டு வருவோம். மூணாவது வருசம் ஆரம்பிக்கறப்ப முதலாளி என்னைக் கூப்பிட்டாரு.

"சரசக்கா, பங்காளிங்க எல்லாம் சத்தம் போடறாங்க. தைக்கற புள்ளைங்களுக்கு ஆட்டம் எதுக்கு, ஊடு எதுக்குங்கறாங்க. இந்த வருசம் கம்பெனி டீமுங்களுக்கு நடக்கற கோப்பை வரோணும். வரலீன்னா கலைச்சுருவேன். அதுக்கு மேல என்னால பேச முடியாதுங்கக்கா."

கலைச்சா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும். போலீஸ்லயோ ரயில்வேயிலயோ விளையாட்டுக் கோட்டாவுல ஒரு வேலை கெடைக்கும்னு அந்தப் புள்ளைங்க உசுரைக் குடுத்து ஆடிட்டு இருந்துச்சுங்க. டீம் போச்சுன்னா பாதிப் பேரு முழு ஷிப்டு லைனுக்குப் போகணும், மீதிப் பேரை ஊட்டுல கூட்டிட்டுப் போயிக் கண்ணாலம் பண்ணி வெச்சுருவாங்க. கோகிலாவோட அப்பன் மாசா மாசம் வந்து, "ஆட்டம் இருக்கற வரைக்கும்தான் கண்ணு, அப்பறம் மாப்பிள்ளை பாக்கணும்"னு சொல்லிட்டுப் போவாரு.

கோகிலா யாருன்னு சொல்லிடறேன். நம்ம பக்கத்துப் புள்ளை, ஊதியூரு. பேக்கிங் செக்‌ஷன்ல அட்டைப் பொட்டி தூக்கித் தூக்கிக் கையெல்லாம் இரும்பு. வாயைத் தெறந்தா "ஏனுங்க, சரிங்க, இல்லீங்க"தான் வரும். டீம் கேப்டன் ஜெபா. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரத்துப் புள்ளை. பாடிப் போறதுலயும் அவதான் பெரிய ஆளு, புடிக்கறப்ப இடது மூலையில நிக்கறதும் அவதான். டீம்ல பாதிப் பேரை ஊட்டுக்கு ஊடு போயிப் பேசிக் கூட்டிட்டு வந்தவ. கோகிலாவுக்கு டைபாய்டு வந்தப்ப ராத்திரி பகல் பாக்காமக் கூட இருந்து கஞ்சி ஊத்துனவ. ஞாயித்துக்கெழமை சர்ச்சுக்குப் போனா எல்லார் பேரையும் சொல்லி ஜெபம் பண்ணிட்டு வருவா. அந்த ஊட்டுல அவ வெச்சதுதான் சட்டம், அதுல எனக்கே சந்தோசம்தான்.

புதுக் கோச்சு வந்தது ஆடி மாசக் காத்துல. பாண்டியம்மான்னு பேரு, திண்டுக்கல் பக்கம். ஸ்டேட் டீமுக்கு ஆடுனவங்க. ஒரு ரெக்சின் பையோட நல்லூர் பஸ் ஸ்டாப்புல எறங்கி, வழி கேட்டுக் கேட்டு நடந்தே வந்துட்டாங்க. டிராக் பேண்ட்டு, மேல ஒரு ஆம்பளைச் சட்டை. என்னை விட வயசுல சின்னவங்க, ஆனா அவங்க பாக்கற பார்வைக்கு நானே முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டேன்.

எங்க கிரவுண்டு கம்பெனிக்குப் பின்னாடி. காத்தால வெடியறதுக்குள்ள புள்ளைங்க மண்ணைச் சல்லடையில சலிச்சுக் கல்லு பொறுக்கும், தண்ணி தெளிக்கும். கோடு போடச் சுண்ணாம்பு வாங்கறதில்லை. காலர் டேப்பு மிச்சத்தைக் கோடா இழுத்துக் கட்டி ஆணி அடிச்சுருவோம். புடிச்சுப் பழகறதுக்குச் சாக்குல கட்டிங் வேஸ்ட்டை அடைச்சு ஆள் உசரத்துக்கு ஒரு பொம்மை. பாண்டியம்மா மேடம் அந்த டேப்பைக் காலால தட்டிப் பாத்தாங்க, பொம்மையைத் தூக்கிப் பாத்தாங்க. "நல்லா இருக்கு"ன்னாங்க. அப்பறம் ஓரமாக் குத்த வெச்சு உக்காந்தவங்க முதல் வாரம் பூரா வாயே தெறக்கலை.

எத்தனையோ மேனேஜருங்களைப் பாத்தவ நான். கத்தறவன், தட்டை வீசறவன், சிரிச்சுட்டே கழுத்தை அறுக்கறவன். இவங்க எந்த ரகத்துலயும் சேரலை. சத்தமே வராது. ஒரு புள்ளை தப்புப் பண்ணுனா விசிலை ஊதுவாங்க. கிட்டப் போவாங்க. "என்ன பாத்த?"ன்னு கேப்பாங்க. அவ்வளவுதான். "ஏன் விட்ட"ன்னு கேக்க மாட்டாங்க. அந்தப் புள்ளை பதில் சொல்ற வரைக்கும் நின்னுட்டே இருப்பாங்க. வெயில் ஏறும், மத்தவங்க எல்லாம் நிக்கும், அசைய மாட்டாங்க. சில புள்ளைங்க அழுதுரும். அழுது முடிச்சப்பறமும் அதே கேள்விதான்.

ஒரு வாரம் கழிச்சு என்கிட்டயும் கேட்டாங்க. "நீங்க செக்கிங்தானேக்கா? ஓரத்துல நின்னு என்ன பாத்தீங்க?"

நான் யோசிக்கவே இல்லை. "எதிர்ல பாடி வர்றவளை யாரும் பாக்கறதில்லீங்க மேடம். எல்லாரும் ஜெபாவைத்தான் பாக்கறாங்க. அவ கண்ணக் காட்டுனாத்தான் கையை நீட்டறாங்க."

"நானும் அதைத்தான் பாத்தேன்"னாங்க. அன்னிலிருந்து நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் டீ குடிச்சோம்.

இதை நீங்க புரிஞ்சுக்கணும்னா எங்க கம்பெனி வழக்கம் தெரியணும். லைன்ல டைலரு பெரியவ, அவளுக்குத் துணியை மடிச்சு எடுத்துக் குடுக்கற கைமடிக்கறவ சின்னவ. டைலரு சொல்லாம சின்னவ பீஸைத் தொட மாட்டா. பெரியவ சாப்பிட எந்திரிச்சாத்தான் மத்தவங்க எந்திரிப்பாங்க. அதையே புள்ளைங்க மண்ணரை ஊட்டுக்கும் கொண்டுட்டு வந்துருச்சுங்க. குளிக்கறது பெரியவங்க முதல்ல. சோறு போடறது பெரியவங்களுக்கு முதல்ல. கிரவுண்டுலயும் அதேதான். பெரியவ பாயாம சின்னவ பாயக் கூடாதுன்னு யாரும் சொல்லலை, ஆனா பாய மாட்டா.

அது எங்களை எங்க கொண்டு போயி விட்டுதுன்னு காங்கயத்துல பாத்தோம். சீசன்ல முதல் ஆட்டம். கடைசி நிமிசம். எதிர் டீம் பொண்ணு பாடி வந்தா, ஜெபா பாஞ்சா, கால் நழுவிக் கீழ விழுந்தா. பக்கத்துலயே கோகிலா. அந்தப் பொண்ணு அவளுக்குக் கைக்கு எட்டற தூரம்தான். கோகிலா ஒரு அடி வெச்சா, அவ பாதம் கீழ கெடந்த ஜெபா தோள்ல பட்டுருச்சு. இந்தப் புள்ளை என்ன பண்ணுச்சுங்கறீங்க? பொசுக்குன்னு குனிஞ்சு ஜெபா தோளைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிச்சு. பெரியவங்க மேல கால் பட்டா நாமெல்லாம் பண்றதுதான். ஆட்டத்துக்கு நடுவுல பண்ணுச்சு. பாடி வந்தவ இவளைத் தாண்டி ஜம்முன்னு நடந்தே போயிட்டா. தோத்துட்டோம். கூட்டம் வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சுது. எனக்குப் பூமி பொளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு.

மேடம் வந்தாங்க. "என்ன பாத்த?"

"அக்கா மேல காலு பட்டுருச்சுங்க மேடம்."

மேடம் தண்ணிப் பாட்டிலை அவ கையில குடுத்துட்டுப் போனாங்க. வேன்ல வர்றப்ப என் பக்கத்துல உக்காந்து, "சரசக்கா, எல்லாம் நல்ல புள்ளைங்க. அதுதான் சிக்கல்"னாங்க.

அடுத்த நாளே பையைத் தூக்கிட்டு மண்ணரை ஊட்டுக்கே குடி வந்துட்டாங்க. வந்ததும் முதல் உத்தரவு, பிராக்டீஸ் முடிச்சு யாரு முதல்ல ஊட்டுக்கு ஓடி வர்றாங்களோ அவங்கதான் முதல்ல குளிக்கணும். ரெண்டாவது, தட்டுல சோறு அவங்கவங்களே போட்டுக்கணும். மூணாவது, கிரவுண்டுல அக்காவும் கெடையாது, தங்கச்சியும் கெடையாது. பனியன் முதுகுல என்ன நம்பரோ அதைச் சொல்லிக் கூப்பிடணும்.

ஊடே ரெண்டு பட்டுப் போச்சுங்க. பெரிய புள்ளைங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிச்சுங்க. சின்னப் புள்ளைங்க முதல்ல ஓடி வந்தும் பாத்ரூம் வாசல்ல வாளியோட நிக்கும், உள்ள போகாது. ஜெபா நேரா மேடம் முன்னால வந்து நின்னா.

"மேடம், குளிக்கிற வரிசைல என்ன கபடி இருக்கு?"

"அங்கதான் இருக்கு"ன்னாங்க மேடம்.

"இது எங்க வீடு. நான் ஒவ்வொரு பிள்ளையா கூட்டிட்டு வந்து சேத்த வீடு. இதுல மரியாதையக் கெடுக்கச் சொல்லுதீங்களா?"

"மரியாதை உள்ள இருக்கட்டும் ஜெபா. கோட்டுக்குள்ள மட்டும் வேண்டாங்கிறேன்."

நம்பர் சொல்லிக் கூப்பிடற கதை அதுக்கு மேல. ஜெபாவுக்கு நம்பர் மூணு. வாயில வராம வராம, கோகிலா ஒரு நாள் தைரியத்தை எல்லாம் தெரட்டிக் கத்துச்சு: "மூணுங்கக்கா, இந்தப் பக்கம் வர்றாங்க, புடிங்க!" கிரவுண்டே விழுந்து விழுந்து சிரிச்சுது. மேடம் அன்னிக்குத்தான் பல்லு தெரியச் சிரிச்சாங்க. ஜெபாவும் சிரிச்சா. அன்னிக்கு எல்லாம் சரியாப் போயிரும்னு நெனச்சேன்.

ஆகலை. நாலு நாள் நல்லாப் பண்ணும், ஆட்டத்துல மறுபடியும் ஆறு ஜோடிக் கண்ணும் ஜெபாகிட்டயே போயிரும். அப்பத்தான் மேடம் அதைப் பண்ணுனாங்க. அவிநாசியில ஒரு ஆட்டத்துல ஜெபாவை வெளிய உக்கார வெச்சுட்டாங்க. அடிபட்டு உக்கார வெக்கலை, சும்மா உக்கார வெச்சாங்க. அவ இல்லாம ஆடிப் பழகட்டும்னு. பழகலை. செம அடி வாங்குனோம். தாய்க்கோழி இல்லாத குஞ்சுங்க மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுச்சுங்க. அத்தனை சனத்துக்கு முன்னால, கேப்டன் பெஞ்சுல துண்டைத் தோள்ல போட்டுட்டு உக்காந்திருந்தா. அவ மூஞ்சி இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குது. எனக்கும் மேடம் மேல கோவம் வந்துச்சு, அதை அவங்ககிட்டயே சொன்னேன். "தப்புன்னு சொல்றீங்களா, கஷ்டமா இருக்குன்னு சொல்றீங்களா?"ன்னு கேட்டாங்க. கஷ்டமா இருக்குதுன்னேன். "எனக்கும்தான்"னாங்க.

அந்த வாரக் கடைசியில ஜெபா பொட்டியைக் கட்டிட்டா. வெள்ளகோவில் பக்கம் ஒரு நூல் மில்லு, அவங்களும் டீம் வெச்சிருந்தாங்க, ரொம்ப நாளா அவளைக் கூப்பிட்டுட்டு இருந்தாங்க. போறப்ப ஒவ்வொரு புள்ளை தலையிலயும் கை வெச்சுட்டுப் போனா. கோகிலா வாசப்படியில உக்காந்துட்டு அழுத அழுகை தெரு பூரா கேட்டுச்சு. மேடத்தோட யாரும் பேசலை. அவங்க அடுப்படியில நின்னு அவங்க தட்டை அவங்களே கழுவிட்டு இருந்தாங்க.

முதலாளிக்குச் சேதி போயிருச்சு. என்னைக் கூப்பிட்டு, "ஏனுங்கக்கா, கோப்பை கொண்டுட்டு வரச் சொன்னா, இருந்த ஒரே ஆளையும் தொரத்தியுட்டாங்களாமே. அந்தம்மாவை அனுப்பீரலாமுங்களா?"ன்னாரு.

எனக்குள்ளயும் அந்த நெனப்பு இல்லாம இல்லை. ஆனா பாதித் துணி வெட்டுனதுக்கப்பறம் கட்டிங் மாஸ்டரை மாத்துனா என்ன ஆகும்னு தெரிஞ்சவ நான். "சீசன் முடியற வரைக்கும் அவங்களைத் தொடாதீங்க சாமி. தோத்தா அவங்களோட என்னையும் சேத்து டீம்ல இருந்து எடுத்துருங்க. நான் டேபிளுக்கே போயிக்கறேன்"ன்னேன். அவரு பேனாவை உருட்டிட்டே, சரின்னாரு.

அதுக்கப்பறம் நடந்ததைச் சொல்றப்ப எனக்கு இப்பவும் நெஞ்சு நிமிரும். ஷிப்மெண்ட் நெருக்கடி வந்துருச்சு. புரொடக்‌ஷன் மேனேஜரு ஒரு புள்ளையையும் பிராக்டீசுக்கு விட மாட்டேன்னுட்டாரு. மேடம் சண்டை போடலை. காத்தால செக்கிங்குக்கு வந்து என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து, டிரிம்மரைக் கையில எடுத்துப் பிசிறு வெட்ட ஆரம்பிச்சுட்டாங்க. "நான் வெட்டறேன், அந்த நேரத்துக்குப் புள்ளைங்களை விடுங்க"ன்னாங்க. முதல் நாள் ரெண்டு பீஸுல ஓட்டை போட்டுட்டாங்க, நான் ஸ்டிக்கர் ஒட்டிக் கையில குடுத்தேன். "என்ன பாத்தீங்க?"ன்னு நானே கேட்டேன். லைனே சிரிச்சுது. அதைப் பாத்துட்டுப் பெரிய புள்ளை ஒருத்தி எந்திரிச்சு வந்து, "நீங்க கிரவுண்டுக்குப் போங்க மேடம், நாங்க நின்னு முடிச்சுட்டு வர்றோம்"னா. ஊட்டுல பேச்சு மறுபடியும் அன்னிக்குத்தான் ஆரம்பிச்சுது.

கண்ணக் காட்ட ஆளில்லாமப் போனதும் புள்ளைங்களுக்கு வேற வழியில்லை, பாடி வர்றவளைத்தான் பாக்கணும். முதல்ல ஒருத்தி தப்பாப் பாஞ்சா, அப்பறம் ரெண்டு பேரு சரியாப் பாஞ்சாங்க. யாரு கிட்ட இருக்காளோ அவ போவா, மத்தவங்க பின்னாடியே விழுவாங்க. சின்னவ பெரியவளைப் பாத்து, "அஞ்சு, உள்ள வா"ன்னு கத்தும். அந்தப் பெரியவளும் வருவா. பாத்ரூம் வாசல்ல வாளியோட யாரும் நிக்கறதில்லை. பல்லடத்துல ஜெயிச்சோம், ஊத்துக்குளியில ஜெயிச்சோம், ரெண்டு வருசமா விழுந்துட்டு இருந்த அரையிறுதியைத் தாண்டுனோம். முதலாளி வேனுக்குப் பின்னாடி காரை எடுத்துட்டு ஒவ்வொரு ஊருக்கும் வர ஆரம்பிச்சுட்டாரு.

இறுதி ஆட்டம் வெள்ளகோவில்ல. எதிர்ல யாருன்னு நான் சொல்லணுமா? ஜெபாவோட மில்லு டீம்தான்.

அன்னிக்குக் காத்தால கோகிலா என்கிட்ட வந்து நின்னுச்சு. "அக்கா, என்னால ஜெபாக்காவைப் புடிக்க முடியாதுங்கக்கா. வேற யாரை வேணாலும் புடிக்கிறேன். அவங்க கஞ்சி ஊத்துன கை எனக்கு ஞாபகம் வரும்." மேடத்துகிட்டக் கூட்டிட்டுப் போனேன். புடிச்சே ஆகணும்னு சொல்லுவாங்கன்னு நெனச்சேன். அவங்க கேட்டாங்க: "நீ வேணும்னே விட்டா, அது ஜெபாவுக்குத் தெரியாதா?"

கோகிலா யோசிச்சுது. "தெரியுமுங்க. பாத்ததுமே தெரிஞ்சுரும்."

"தெரிஞ்சா சந்தோசப்படுவாளா?"

கால் விரலால மண்ணைக் கீறிட்டே, "காறித் துப்பீருவாங்க"ன்னுச்சு கோகிலா. மேடம் அதோட விட்டுட்டு அவங்க ஷூ லேசைக் கட்டப் போயிட்டாங்க.

சாயங்கால ஆட்டம். கிரவுண்டைச் சுத்தி மில்லுக்காரங்க, தோட்டத்துக்காரங்க, டிராக்டர் மேல ஏறி நின்னுட்டு வேற. ஜெபா வந்தா. எங்க புள்ளைங்களைப் பாத்து ஒரு தலையாட்டு, அவ்வளவுதான். ஆட ஆரம்பிச்சதும் அந்தத் தலையாட்டும் இல்லை. அவளுக்கு எங்க ஆளுங்க ஒவ்வொருத்தியும் அத்துப்படி. எவளுக்கு எடது முட்டி வலி, எவ சீக்கிரம் பயப்படுவான்னு எல்லாம் தெரியும். வந்து வந்து தொட்டுட்டுப் போனா. நாங்களும் விடலை. அவ டீம்ல மத்தவங்க வந்தப்பல்லாம் அள்ளித் தூக்கிப் போட்டுச்சுங்க எங்க புள்ளைங்க. ஆனா ஜெபா வந்தா மட்டும் எல்லாக் கையும் ஒரு நொடி தயங்குச்சு. எனக்கு அது தெரிஞ்சுது. பக்கத்துல மேடத்துக்கும் தெரிஞ்சுது, நகத்தைக் கடிச்சுட்டு இருந்தாங்க.

கடைசிப் பாட்டு. ரெண்டு டீமும் சம பாயிண்டு. பாட வேண்டியது அவங்க. வந்தது ஜெபா. எங்க பக்கம் மிச்சம் மூணு பேரு, மூலைக்கு ஒருத்தியா ரெண்டு பெரிய புள்ளைங்க, நடுவுல கோகிலா. தொட்டுட்டுத் திரும்புனா கோப்பை அவங்களுக்கு. புடிச்சா எங்களுக்கு. முதலாளி வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுக் கோட்டுக்குப் பக்கத்துலயே வந்து நின்னுட்டாரு. பதினோரு புள்ளைங்க சோறு, படுக்கை, வேலை எல்லாம் அந்த ஒரு மூச்சுல தொங்குதுன்னு நெனச்சேன்.

ஜெபா எடது பக்கம் போனா. போற மாதிரி போயி, காலை நீட்டி மூலையில நின்னவ முட்டியில தட்டிட்டா. தொட்டாச்சு. திரும்புனா. தட்டு வாங்கினவ அப்பிடியே நிக்கறா. அக்கட்ட மூலையில இருக்கறவளுக்குத் தூரம். நடுக்கோட்டுக்கும் ஜெபாவுக்கும் நடுவுல இருந்தது கோகிலா மட்டும்தான்.

அந்தப் புள்ளை யாரையும் பாக்கலைங்க. மேடத்தைப் பாக்கலை, என்னையும் பாக்கலை. குறுக்க விழுந்து ஜெபா ரெண்டு தொடையையும் கட்டிக்கிச்சு. ரெண்டும் சேந்து பொத்துன்னு விழுந்துச்சுங்க. ஜெபா விட்டுக் குடுக்கற ஆளா? மண்ணைக் கீறிட்டு, கோகிலாவையும் இழுத்துட்டே கோட்டுப் பக்கம் நகர்றா. கோகிலா கண்ணை மூடிட்டு, மூஞ்சியை அவ இடுப்புல அழுத்திட்டுப் புடிச்ச புடியை விடலை. அதுக்குள்ள ரெண்டு பெரியவளுங்களும் ஓடி வந்து மேல விழுந்தாங்க. ஜெபா கையை நீட்டுறா, நீட்டுறா. கோட்டுக்கும் விரலுக்கும் ஒரு சாண் இருக்கும். மூச்சு அறுந்துருச்சு. விசில்.

மத்தவங்க எல்லாம் குதிச்சாச்சு, முதலாளி உள்ள ஓடி வந்தாச்சு. கோகிலா மட்டும் இன்னும் விடலை. ஜெபாதான் சொன்னா, "ஏட்டி, விடுட்டி, விசில் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு."

எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு ஜெபா நேரா மேடம்கிட்ட வந்தா. "என்னைய எப்படிப் பிடிக்கணும்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?"ன்னு கேட்டா.

"இல்ல. உன்னை யாரும் சொல்லிக் குடுத்துப் புடிக்க முடியாது. அவளாத்தான் புடிச்சா."

ஜெபா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நிமிந்தப்ப கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. முதலாளிக்குச் சந்தோசம் தலைக்கு ஏறிப் போச்சு. எல்லாரும் கேக்கற மாதிரி, "டீமைக் கலைக்கற பேச்சே இனிக் கெடையாது. எத்தனை வருசம் ஆனாலும் நடத்துவேன். ஏனம்மா ஜெபா, நீயும் வந்துரு. உன்ற எடம் அப்படியேதான் இருக்குது, வெள்ளகோவில்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன்"னாரு. புள்ளைங்க எல்லாம் அவளையே பாத்துச்சுங்க. எனக்கும் வரணும்னுதான் ஆசை. மண்ணரை ஊட்டுல அவ பாய் விரிக்கற மூலை காலியாத்தான் கெடந்துச்சு.

ஜெபா கோகிலா தலையில ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி விட்டுட்டே சொன்னா. "வேண்டாம் ஐயா. நான் வந்தா இவ மறுபடியும் என் மூஞ்சியப் பாத்துட்டு நிப்பா. நான் அந்தப் பக்கமே இருக்கேன்."

நான் முந்தானையை வாயில வெச்சு அடைச்சுட்டு அழுதேன். அழுததுல எனக்கு வெக்கமில்லை, மேடமும் அழுதாங்க. கோகிலா மட்டும் அழலை. முழங்கை சிராய்ச்சு ரத்தம் வழியுது, அதைப் பனியன்ல தொடச்சுட்டு, ஜெபா கையை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிச்சு.

"சரிங்கக்கா. அடுத்த வருசமும் நீங்களே பாடி வாங்க. மறுபடியும் புடிக்கிறேன்."